மலையில் மரம் வேண்டாம்

க்வீன்ஸ்டவுன், டாஸ்மேனியா
3 ஜூன் 1996

தம்பி மெர்வினுக்கு,

நீ படம் எடுத்திருக்கும் சேதி எனக்கு இறைச்சிக் கடை வரிசையில் கிடைத்தது. பக்கத்து வீட்டுத் தெல்மா ஹோபார்ட் பேப்பரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "ஒங்கப்பாவ சினிமாவுல போட்டுட்டானாமே ஒன் தம்பி" என்றாள். வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. கொத்துக்கறி வாங்கப் போனவள் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்து, அன்றைக்கு உன் மச்சான் ராய்க்கு முட்டை பொரித்துப் போட்டேன்.

பேப்பரை அவளிடமே கேட்டு வாங்கிப் படித்தேன். வேலை போன ஒரு சுரங்கத் தொழிலாளி. தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவதுபோலவே கிளம்புகிறான். ஃபுட்பால் மைதானத்துக் கேலரியில் மழையில் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, சுரங்கத்தில் சாயங்காலச் சங்கு ஊதியதும் வீட்டுக்கு வருகிறான். 'இருண்ட, இரக்கமில்லாத, சின்ன படம்' என்று எழுதியிருக்கிறார்கள். பாராட்டாம் அது.

அப்பா அப்படி உட்கார்ந்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் குளிர்காலம் முழுக்க டப்பாவில் சாண்ட்விச் வைத்துக் கொடுத்தவள் நான். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒருநாள் தூரத்திலிருந்து அவரை அங்கே பார்த்துவிட்டு, தாங்க முடியாமல் உனக்குப் போன் பண்ணிச் சொன்னேன். என் தம்பியிடம் சொன்னேன். ஹோபார்ட் பேப்பரிடம் சொல்லவில்லை.

அப்பாவின் அடக்கத்தன்று நீ குழிக்கு எதிரே நின்று கேமராவைத் தூக்கியதையே நான் இன்னும் மறக்கவில்லை. இரண்டு வருஷமாக உன்னோடு பேசாமல் இருக்கிறேனே, எதற்கென்று யோசித்தாயா? இப்போது அதற்கு மேலே இது.

படத்தை ஊர் மண்டபத்தில் போட்டுக் காட்ட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறாயாம், கமிட்டித் தலைவி எனிட் கார்மடி சொன்னாள். மண்டபக் கமிட்டியில் நானும் இருக்கிறேன். உனக்குத் தெரிந்திருக்காது. வேண்டாம் என்று முதலில் கை தூக்கப்போவது நான்தான். சொல்லாமல் செய்துவிட்டாள் என்று நாளைக்கு நீ பேசக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கோரல்


புட்ஸ்க்ரே, மெல்பர்ன்
11 ஜூன் 1996

அக்கா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அப்படியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், ஷிஃப்ட் முடிகிறவரை தொடவில்லை. ஊர்த் தபாலையெல்லாம் பிரித்துப் போடுகிற வேலையில் இருக்கிறவனுக்கு, தனக்கு வந்ததைப் பிரிக்கத் தைரியம் வரவில்லை.

கேமரா விஷயத்தில் வாதாடப்போவதில்லை. கையில் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால்தான் அன்றைக்கு என்னால் நிற்க முடிந்தது. அன்று எடுத்த பிலிம் சுருள் என் படத்தில் இல்லை. அதை நான் இன்னும் கழுவக்கூட இல்லை, டப்பாவில் அப்படியே கிடக்கிறது.

போனில் நீ சொன்னதை எடுத்துக்கொண்டேன். கேட்டிருக்க வேண்டும். கேட்டால் மாட்டேன் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. ஆனால் ஒன்று. அவர் அங்கே போய் உட்கார்ந்ததை நீ யாருக்கும் தெரியக் கூடாத சேதியாக நினைக்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. அதனால்தான் எடுத்தேன்.

மண்டபத்துக்கு வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. சொல். ஆனால் இந்த மாதிரிப் படம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டுச் சொல். இத்துடன் மூன்று டேப் வைத்திருக்கிறேன். மூன்றும் நம் நாட்டில் எடுத்தவை. என்னைப் போலவே இரவல் கேமராவும், பாதிச் சம்பளத்துக்கு வந்த நண்பர்களுமாக எடுத்திருக்கிறார்கள். எதிலும் நல்ல முடிவு கிடையாது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். என் படம் இதில் இல்லை.

இங்கே என் படத்தைப் பார்க்கிறவர்கள் 'துணிச்சலான முயற்சி' என்று சொல்லிவிட்டு ஒயின் இருக்கிற மேஜைப் பக்கம் போய்விடுகிறார்கள். பள்ளிக்கூட நாடகத்தில் நான் மேய்ப்பனாக நின்றபோது, எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். "நீ ஆடு மாதிரி முழிச்சிட்டு நின்ன" என்று சொன்ன ஒரே ஆள் நீ. எனக்கு இப்போது அப்படி ஒரு ஆள் தேவைப்படுகிறது.

மெர்வின்


க்வீன்ஸ்டவுன்
24 ஜூன் 1996

மெர்வின்,

டேப் வந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் அலமாரிமேல் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடாத மழை, ராய்க்கும் லாரி ஓட்டம் இல்லை. 'தண்ணீர் மட்டம்' என்று எழுதியிருந்ததைப் போட்டோம்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. கோதுமைக் காடு காய்ந்து கிடக்கிறது. புருஷன் செத்த வீட்டில் அவளும் கொழுந்தனும். பேச்சே கிடையாது. அவன் கதவைத் திறக்கிறான், அவள் மூடுகிறாள். ராய் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். நான் இஸ்திரிப் பலகையை விரித்துக்கொண்டு ஒரு கண்ணை டிவியில் வைத்திருந்தேன்.

அப்புறம் அந்த ஆடுகள். தீவனம் இல்லாமல் நிற்கவே முடியாத ஆடுகளைச் சுடுவதற்கு அவன் துப்பாக்கியோடு போகிறான். கேமரா அவன் பின்னால் போகவில்லை. அவள் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவுவதையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. வெளியே வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கத்தி நிற்கிறது, மறுபடி நகர்கிறது. கடைசியில் சத்தம் ஓய்ந்துபோகிறது. அவள் மட்டும் சீவிக்கொண்டே இருக்கிறாள். தோல் போய், கிழங்கும் போய், கையில் நெல்லிக்காய் அளவு மிஞ்சுகிறது.

ராய் அந்த நேரம் பார்த்துக் கண்ணைத் திறந்து, "நல்ல கெழங்க இப்படி வீணாக்கிட்டாளே" என்றார். இஸ்திரிப் பெட்டி அவர் சட்டைக் காலரின் மேலேயே இருந்தது, புகை வந்த பிறகுதான் எடுத்தேன்.

பிடித்ததா என்றால், பிடிக்கிற சமாசாரமா அது? ஆனால் அந்த வீட்டு நாற்காலி எனக்குத் தெரிந்த நாற்காலி. கதவுக்குப் பின்னால் தொங்குகிற மழைக்கோட்டும் தெரிந்ததுதான். இத்தனை வருஷமாக அமெரிக்காக்காரன் சமையலறையையும் இங்கிலாந்துக்காரன் வரவேற்பறையையும்தான் இந்தப் பெட்டியில் பார்த்திருக்கிறேன். ஆடுகளைச் சுட்டுவிட்டு உள்ளே வருகிறவன் அவள் முகத்தைப் பார்க்காமல், "டீ இருக்கா" என்று கேட்கிறான். உதடே அசையவில்லை. அது ராய். அது அப்பா. இந்த ஊர் ஆம்பளைகள் எல்லோரும் அதுதான். அப்படி ஒருத்தனைச் சினிமாவில் வைக்கலாம் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

குறையும் சொல்கிறேன். கடைசியில் அவள் பெட்டியோடு பஸ் ஏறுகிறாள். பெட்டி காலி. தூக்குகிற விதத்திலேயே தெரிகிறது. ஒரு பெண் வீட்டை விட்டுப் போகிறாள் என்றால் பெட்டி அவள் தோளை இழுக்க வேண்டும். நாலு செங்கல் வைக்க உங்கள் ஆட்களுக்குத் தோன்றவில்லையா?

கமிட்டிக் கூட்டம் தள்ளிப்போயிருக்கிறது. என்னால் அல்ல. எனிடுக்கு இடுப்புப் பிடிப்பு.

கோரல்


புட்ஸ்க்ரே
1 ஜூலை 1996

அக்கா,

'தண்ணீர் மட்டம்' எடுத்தவர் எனக்குத் தெரிந்தவர். பெட்டி விஷயத்தைப் போனில் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "ஒங்க அக்காவ ஷூட்டிங்குக்கு முன்னாடியே எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். விழாக்களில் அந்தக் காட்சியைப் பற்றிப் பேராசிரியர்கள் பேசியிருக்கிறார்களாம். பெட்டியை யாரும் கவனிக்கவில்லை.

மற்ற இரண்டையும் பார். மூன்றாவதை ராயோடு பார்க்காதே, கெட்ட வார்த்தை அதிகம். நான் ராயிடமிருந்து கற்றுக்கொள்ளாத வார்த்தை எதுவும் அதில் இல்லைதான், இருந்தாலும்.

ராயின் சட்டைக்கு வருத்தம் தெரிவித்ததாகச் சொல்.

மெர்வின்


க்வீன்ஸ்டவுன்
9 ஜூலை 1996

மெர்வின்,

வீட்டில் இப்போது தியேட்டர் நடக்கிறது. தெல்மா ஸ்கோன் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "சோகப் படம் பாக்கறீங்களாமே, என்னையும் கூப்பிடக் கூடாதா" என்றாள். வேறு யார் மூலமாகத் தெரிந்திருக்கும், ராய்தான் மதுக்கடையில் சொல்லியிருக்கிறார்.

'குளிர்காலக் கட்டணம்' பார்த்தோம். சக்கர வீடுகளை வாடகைக்கு விடுகிற கடற்கரைக் கேரவன் பூங்கா, ஆள் இல்லாத பருவம், பத்தொன்பது வயசுப் பெண்ணும் கைக்குழந்தையும். குழந்தையின் அப்பன் இறால் படகில் வேலை என்று வடக்கே போனவன் வரவே மாட்டான் என்று நமக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. அவளுக்கும் தெரியும். இருந்தாலும் தினமும் பூங்கா ஆபீசுக்குப் போய், "எனக்கு ஏதாச்சும் போன் வந்துச்சா" என்று கேட்கிறாள். அந்த ஆபீஸ்காரி கடைசிவரை அலுத்துக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு தடவையும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு இல்லம்மா" என்கிறாள். 'இன்னைக்கு' என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தெல்மா ஸ்கோனைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

ஒரு இடத்தில் மேலேயிருந்து கறுப்பாக, முடியோடு என்னவோ தொங்கியது. கேரவன் கூரையில் எலி என்று நினைத்துத் தெல்மா காலைத் தூக்கிக்கொண்டாள். குழந்தையைக் கடித்துவிடுமோ என்று காட்சி முடிகிறவரை எங்களுக்கு உயிரே இல்லை. அந்த எலி அப்புறம் வரவேயில்லை. அது என்ன?

மூன்றாவது, 'பின்வாசல்'. ஜெயிலிலிருந்து வந்தவன், அரசாங்கக் குடியிருப்பு, தாயார், தம்பி. இது எனக்குப் பிடிக்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன். மறுநாள் காலை ரொட்டி மாவு பிசைந்துவிட்டு மிச்சத்தையும் பார்த்தேன், நிறுத்திவிட்டுக் குறை சொன்னாள் என்று இருக்க வேண்டாமே. அவன் தம்பியை அடிக்கிற காட்சியில் கேமரா பக்கத்தில் போய்ப் போய்ப் பார்க்கிறது. அடி எங்கே விழுகிறது என்று தேடுகிறது. ஆட்டைச் சுடுகிறபோது சமையலறையில் நின்றதே ஒரு கேமரா, அதற்கு இருந்த மரியாதை இதற்கு இல்லை. எடுத்தவன் வசதியான வீட்டுப் பிள்ளை என்று நினைக்கிறேன். அடுத்தவன் கஷ்டத்தைப் பார்க்க டிக்கெட் வாங்கி வந்தவன்.

தெல்மா கேட்டாள், "நாமளும் இவங்கள மாதிரியா கோரல் இருக்கோம், பாக்கறவங்களுக்கு?" என்று. நான், "இவங்கதான் நம்மள மாதிரி இருக்காங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெருமையாக வாயிலிருந்து வந்தது என்று எனக்கே தெரிந்தது.

உன்னுடையதை அனுப்பு. ஒளிந்தது போதும்.

கோரல்


புட்ஸ்க்ரே
17 ஜூலை 1996

அக்கா,

கூரையில் தொங்கியது, காற்றுச் சத்தத்துக்காக ரோம உறை மாட்டிய ஒலிவாங்கி. சத்தம் பதிவு பண்ணுகிற பையன் கை தளர்ந்துவிட்டது, மறுபடி எடுக்க பிலிம் இல்லை. அதை எலியாக்கிப் பயந்த ரசிகர்கள் நீங்கள் இரண்டு பேர்தான்.

'பின்வாசல்' விஷயத்தில் நீ தப்பு. அதை எடுத்தவன் அந்தக் குடியிருப்பில் பிறந்தவன். அடி வாங்குகிற தம்பி அவனேதான். எங்கே விழுந்தது என்று கேமரா தேடுவது அதனால்தான். அவனுக்கு அது இன்னும் முடியவில்லை.

என் டேப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். 'சங்கு நேரம்'. மூன்று தடவை உறைக்குள் வைத்து எடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், மற்ற மூன்றையும் அனுப்பியது உன்னைத் தயார் பண்ணுவதற்காக அல்ல, இதை அனுப்புவதைத் தள்ளிப்போடத்தான்.

நீ பார்ப்பதற்கு முன்னால் இன்னொன்றும் தெரிய வேண்டும். சிட்னியில் ஒரு தொலைக்காட்சிக்காரர் படத்தை வாங்கி நாடு முழுக்கக் காட்டத் தயாராக இருக்கிறார். ஒரே ஒரு மாற்றம் கேட்கிறார். கடைசியில் ஃபுட்பால் ஆட்டம் வருகிறது, நம் ஊர் தோற்கிறது, முடிகிறது. அதற்குப் பிறகு மொட்டை மலையில் ஒரு செடி துளிர்த்து நிற்பதைக் காட்ட வேண்டுமாம். "ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை குடுங்க மெர்வின், ஒரு பச்சை இலை போதும்" என்றார். ஒரு நாள் வேலைதான். நானே வந்து ஒரு கன்றை நட்டு எடுத்துவிடலாம்.

செய்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன், அக்கா. ஆறு வருஷமாக ராத்திரி ஷிஃப்டும் பகலில் இதுவுமாக ஓடிக் களைத்துவிட்டேன். அந்தச் செடியைப் பார்த்தால் உனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், ஊரை இருட்டாகக் காட்டிவிட்டான் என்ற பேச்சும் நிற்கும்.

பார்த்துவிட்டு எழுது. எழுத முடியாவிட்டால் டேப்பை மட்டும் திருப்பி அனுப்பு, புரிந்துகொள்கிறேன்.

மெர்வின்


க்வீன்ஸ்டவுன்
28 ஜூலை 1996

தம்பி மெர்வினுக்கு,

அந்த 'பின்வாசல்' பையனைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். படம் எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. அவனிடம் இரண்டையும் சொல்.

ராயைத் தோட்டத்துக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு உன் படத்தைத் தனியாகப் பார்த்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை பார்த்தோம். அவர் தூங்கவில்லை.

அப்பாவாக நடித்தவருக்குத் தலைமுடி அதிகம். அப்பா டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார், இவர் கையில் தொங்கவிடுகிறார். நம் மலையைப் போய்க் கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறாயே, மழை விட்டதும் அது என்ன நிறமெல்லாம் ஆகும் என்று உனக்குத் தெரியாதா? கலர் பிலிமுக்கு வழியில்லை என்பாய். சரி.

ஆனால் கேலரியில் அவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமல், தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறார் பார். மத்தியானச் சங்கு ஊதிய பிறகுதான் ரொட்டியில் கை வைக்கிறார். அதை நான் உனக்குச் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. ஆனால் அப்பா அப்படித்தான் செய்திருப்பார். முப்பத்தொரு வருஷம் கீழே இறங்கிய மனுஷன், வேலையே இல்லாதபோதும் வேலை நேரத்தில் ஒரு வாய் சாப்பிடமாட்டார். அந்த இடத்தில் டேப்பை நிறுத்திவிட்டு அடுப்பங்கரையில் போய் நின்றேன். அவர் புத்தி பேதலித்துப்போய் அங்கே உட்கார்ந்தார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவரை வேலையை விட்டுத்தான் அனுப்பினார்கள், அவர் ஷிஃப்டை விடவில்லை. அதை நீ பார்த்திருக்கிறாய், அங்கே மெல்பர்னில் உட்கார்ந்துகொண்டு. தினமும் டப்பா கட்டிக் கொடுத்த நான் பார்க்கவில்லை.

படத்தில் அந்த மகள் குழியோரம் நின்று அழுகிறாள். நான் அழவில்லை, மெர்வின். மண்டபத்தில் கேக் வெட்ட ஆள் இருக்கிறதா, டீக்குப் பால் போதுமா என்றுதான் என் மனசு ஓடிக்கொண்டிருந்தது. நீ கேமராவுக்குப் பின்னால் இருந்தாய், உனக்குத் தெரியாது. ஆனால் மாற்றாதே. படத்திலாவது ஒருத்தி அழட்டும்.

இப்போது அந்தச் சிட்னிக்காரர் கேட்ட செடி.

வைக்காதே. நம் மலையில் ஏன் மரம் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் பாட்டன்மார் வெட்டித் தாது உருக்குகிற உலையில் போட்டார்கள், மிச்சத்தைப் புகை தின்றது, மண்ணை மழை அடித்துக்கொண்டு போனது. நாம் செய்ததுதான் அது. அதை மறைக்காமல் அதற்குக் கீழேயே வீடு கட்டி, சரளைக்கல் பரப்பிய மைதானத்தில் முழங்கால் தோல் உரிய ஆடுகிறோம். தானாக முளைக்கிற செடி முளைக்கட்டும், நான் போய்ப் பிடுங்கமாட்டேன். ஆனால் நர்சரியில் வாங்கின கன்றைக் கொண்டுவந்து ஊன்றி, படம் பிடித்துக்கொண்டு போவாயா? அப்பா உட்கார்ந்த இடத்துக்கு எதிரே ஒரு பொய்யை நடுவாயா? ஜனங்களுக்கு நம்பிக்கை வேண்டுமென்றால், ஆட்டம் முடிந்து நம் பையன்கள் குழாயடியில் முழங்காலிலிருந்து கல்லைப் பொறுக்கி எறிகிறார்களே, அதைப் பார்க்கட்டும். அதில் ஒருத்தன் சிரிக்கிறான், கவனித்தாயா? நீ எடுத்ததுதான்.

களைப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இருக்கும். அதற்காக நீ என்ன செய்தாலும் நான் குறை சொல்லமாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். பொய்யாகிவிடும். செடியை வைத்தால் சொல்வேன்.

கமிட்டி நேற்றுக் கூடியது. எனிட், "வெளியூர்க்காரன் பாத்தா நம்மள என்ன நெனப்பான்" என்றாள். "வெளியூர்க்காரனுக்கு எடுத்த படம் இல்ல எனிட்" என்றேன். கை தூக்கச் சொன்னார்கள். முதலில் தூக்கியது நான்தான், வேண்டாம் என்பதற்கு அல்ல. ஆகஸ்ட் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. நீ வந்து முன்னால் நின்று இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

அக்கா கோரல்


புட்ஸ்க்ரே
6 ஆகஸ்ட் 1996

அக்கா,

சிட்னிக்குப் போன் பண்ணி, செடி இல்லை என்று சொல்லிவிட்டேன். "அப்ப நாங்களும் இல்ல" என்றார். போனை வைத்துவிட்டோம். தூக்கம் வராது என்று நினைத்தேன், நன்றாகத் தூங்கிவிட்டேன்.

அந்தச் சிரிப்பை நான் கவனித்ததே இல்லை. எடிட்டிங் மேஜையில் எத்தனை தடவை ஓட்டியிருப்பேன். உன் கடிதம் வந்த பிறகு போய்ப் பார்த்தேன். இருக்கிறது.

சுருள்களைக் கப்பலிலும் பஸ்ஸிலுமாக அனுப்பியாயிற்று, நம் பள்ளிக்கூடத்துப் புரொஜெக்டரில் ஓடும். நான் சனிக்கிழமை விமானத்தில் ஹோபார்ட் வந்து, ஞாயிறு காலை காரில் வருகிறேன். இரண்டு வார்த்தை என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. நீ பக்கத்தில் நில்.

மெர்வின்


க்வீன்ஸ்டவுன்
19 ஆகஸ்ட் 1996

மெர்வின்,

நீ மறுபடி போன் பண்ணுவாய் என்று தெரியும். ராயை எடுக்கச் சொல்லி, 'நல்லா நடந்துச்சு, கடுதாசி வருது' என்று மட்டும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். போனில் என்னால் இதைச் சொல்லி முடிக்க முடியாது.

டெர்வென்ட் பிரிட்ஜில் பனி விழுந்து ரோட்டை அடைத்துவிட்டார்கள் என்று நீ வழியிலிருந்து போனில் சொன்னபோது மண்டபத்தில் ஆள் நிரம்பிவிட்டது. ஒத்திவைக்கலாம் என்றாள் எனிட். பெஞ்சு போதாமல் சர்ச்சிலிருந்து நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? முன்னால் நான் போய் நின்றேன். நீ பேச நினைத்தது என்னவோ, நான் பேசியது இதுதான்: "என் தம்பி பனியில மாட்டிக்கிட்டான். இது எங்கப்பா கிளாரியப் பத்தின படம். சந்தோஷமான படம் இல்ல. எனக்கு இதுல பெருமை. டீ அப்புறம்."

படம் ஓடியது. முதல் சுருளிலேயே இரண்டு பேர் எழுந்து போனார்கள், யாரென்று சொல்லமாட்டேன். கேலரி வந்ததும் மண்டபத்தில் இருமல்கூட இல்லை. நான் திரையைப் பார்க்கவில்லை, முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முகத்திலும் ஒன்றும் படிக்க முடியவில்லை. நம் ஊர் முகங்கள்தானே.

முடிந்து விளக்குப் போட்டார்கள். ஒருவரும் கை தட்டவில்லை. எழுந்தார்கள், கோட்டை மாட்டிக்கொண்டார்கள். எனிட் மட்டும் என்னிடம் வந்து, "கேலரி பெஞ்சு அவ்ளோ அழுக்கா இல்ல கோரல், வருஷா வருஷம் நாங்க பெயிண்ட் அடிக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு உயிரே போய்விட்டது. தெல்மாவை டீ ஊற்றச் சொல்லிவிட்டு, பின்னால் சமையலறைக்குப் போய், கழுவின கோப்பைகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆல்பி டிராஸ்க் அங்கே வந்தார். அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இறங்கியவர், அப்பாவுக்கு வேலை போன பிறகும் ஒன்றரை வருஷம் தாதுக்கல் லாரி ஓட்டினார் இல்லையா. அடக்கத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசியதே கிடையாது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேசினார்.

"நாங்க எல்லாரும் பாத்தோம், கோரல்."

"இப்பதான பாத்தீங்க, ஆல்பி."

"படத்த இல்லம்மா. கிளாரிய. மொத வாரமே பாத்தாச்சு. அவன் மழையில டப்பாவ மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தத."

நான் குழாயை மூடினேன்.

"லாரி எல்லாம் அந்த மைதானத் தெரு வழியாத்தான் போகணும். போனா அவன் எங்களப் பாக்கணும், நாங்க அவனப் பாக்கணும். அவனுக்கு அது கஷ்டம். அதனால மேல் ரோட்டுல சுத்திப் போனோம். அந்தக் குளிர்காலம் பூரா. ஒருத்தர ஒருத்தர் சொல்லிக்கல. ஃபோர்மன் டீசல் கணக்கப் பாத்துட்டு ஒண்ணுமே கேக்கல. பால் வண்டிக்காரன்கூட மேலதான் போனான்."

"யாராச்சும் ஒருத்தர் போய்ப் பக்கத்துல உக்காந்திருக்கலாமே, ஆல்பி" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அவர் தொப்பியின் விளிம்பைத் தடவினார். "உக்காந்திருக்கணும்" என்றார். "ஒன் தம்பி போய் உக்காந்திருக்கான். கேமராவோட."

அவ்வளவுதான். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், மெர்வின். நான் டப்பா கட்டிக் கொடுத்துவிட்டு வாசல் கதவைச் சாத்திக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் இந்த ஊர் முழுக்க வண்டியைத் திருப்பிக்கொண்டு மேல் ரோட்டில் போயிருக்கிறது. இதை எந்தப் படத்தில் வைப்பாய்? வைத்தால் யார் நம்புவார்கள்? நீ இருட்டாக எடுத்தாய் என்று பேப்பரில் எழுதினார்கள். இருட்டில்தான் இதெல்லாம் நடந்திருக்கிறது, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல்.

அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அப்போது வெளியே ஒரு கார் ஹாரன் கேட்டது. யாரோ வண்டியை எடுக்க வழி கேட்கிறார்கள் என்று நினைத்தேன். இன்னொன்று கேட்டது. அப்புறம் ஒரு லாரி. ஜன்னலைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மழையில் எல்லோரும் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவரும் கிளம்பவில்லை, எல்லோரும் ஹாரனை அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குக் கை தட்டத் தெரியாது என்பதை எப்படி மறந்தேன்? மைதானத்தைச் சுற்றிக் காரை நிறுத்திக்கொண்டு, கோல் விழுந்தால் ஹாரன் அடித்துப் பழகியவர்கள். முதல் சுருளிலேயே இரண்டு பேர் வெளியே போனார்களே, அவர்களுடைய வேனும் அங்கேதான் நின்றிருந்தது. அதுவும் அடித்தது.

தெல்மா டீப்பாத்திரத்தோடு வாசலில் நின்று, "இது எப்ப நிக்கும்" என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

எல்லோருக்கும் கடைசியில் ராய் ஓடிப்போய் நம் காரில் ஏறி அமுக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் விடவில்லை. ஒருவழியாக அவர் கையை எடுத்தபோது பேட்டரி தீர்ந்துவிட்டிருந்தது. வண்டி கிளம்பவில்லை. ஆளாளுக்கு ஏற்றிக்கொண்டு போகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றோம். நாங்கள் இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம், நடு ரோட்டில், குடை கையில் இருந்தும் விரிக்காமல்.

ரோடு திறந்ததும் வா. வரும்போது அந்தக் கழுவாத சுருளையும் எடுத்துக்கொண்டு வா. அதைக் கழுவிப் பார்ப்போம். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் அக்கா
கோரல்